ஒரு சிலிண்டர், இரண்டு மூன்று கெக்: யாழ்ப்பாணத்தில் இரண்டாம் நிலை ரெகுலேற்றரை மலிவாகத் தேடி எடுப்பது

வீட்டில் சோடாவையும் ஜிஞ்சர் பியரையும் கெக்கில், அதாவது அமுக்கம் தாங்கும் உலோகப் பீப்பாயில், அடைத்து, பிரிட்ஜில் வைத்து, குழாயைத் திறந்து கோப்பையில் பிடித்துக் குடிக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு காபனீரொட்சைட்டுச் சிலிண்டர், அதன் தலையில் அமுக்கத்தைக் குறைத்துத் தரும் ஒரு ரெகுலேற்றர், ஒரு கெக். இதுவரை பிரச்சினை எதுவும் இல்லை. இரண்டாவது கெக் வந்ததும்தான் தலையிடி தொடங்கும். சோடா என்றால் தொண்டையில் சுள்ளென்று இறங்க வேண்டும், அதற்கு அமுக்கம் கூட வேண்டும். அதே அமுக்கத்தை நெல்லி ரசத்துக்குக் கொடுத்தால் நுரை பொங்கி அரைவாசி தரையில் போய்விடும். ஒரு ரெகுலேற்றர் ஒரு நேரத்தில் ஒரு அமுக்கத்தைத்தான் தரும்.

இந்த இடத்தில் பலர் இரண்டாவது சிலிண்டரையும், அதன் தலையில் பூட்ட இன்னொரு முதன்மை ரெகுலேற்றரையும் வாங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லாத செலவு. சிலிண்டரிலிருந்து ஏற்கெனவே அமுக்கம் குறைத்து எடுத்த வாயுவின் அமுக்கத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துத் தரும் சிறிய கருவி ஒன்று போதும். அதுதான் இரண்டாம் நிலை ரெகுலேற்றர். அதற்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஓட வேண்டும் என்றும் இல்லை. ரயர் கடைக்கும் வாகனத்துக்கு நிறம் அடிக்கும் கராஜுக்கும் சாமான் விற்கும் கடைகளிலேயே அதற்குப் பொருத்தமானது இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கெக் ஏற்பாடு வெளிநாடுகளில் வீட்டில் பியர் வடிப்பவர்கள் வளர்த்தெடுத்தது. கருவிகளின் பெயர்களும் அளவுகளும் அவர்களுடையவைதான். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிக்க முடியாது. ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் சோடா, ஜிஞ்சர் பியர், நெல்லி, நன்னாரி போன்ற குளிர்பானங்களுக்கு. ஜிஞ்சர் பியரையும் ஈஸ்ற் போட்டுப் புளிக்க வைக்காமல், இஞ்சிப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து வாயு ஏற்றித்தான் செய்கிறோம். ரெகுலேற்றர் வேலையில் பியருக்கும் குளிர்பானத்துக்கும் வித்தியாசம் இல்லை.

எத்தனை தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள்

அமுக்கத்தைப் பார் அளவில் சொல்கிறேன். 1 பார் என்றால் 14.5 பி.எஸ்.ஐ., அல்லது 0.1 மெகாபஸ்கல். கடையில் இந்த மூன்று அளவும் கலந்துதான் கேஜ்களில், அதாவது அமுக்கத்தை முள்ளால் காட்டும் மானிகளில், வரும், அதனால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4 பாகை குளிரில் 2 பார் அமுக்கத்தில் விட்டு வைத்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்குள் நாலு லீற்றருக்கும் மேல் வாயு கரையும். நல்ல சோடா அந்த அளவில்தான் இருக்கும். அதே குளிரில் 1 பார் வைத்தால் மூன்று லீற்றர் அளவு, அது ஜிஞ்சர் பியருக்குச் சரி. நெல்லி, நன்னாரி போன்றவற்றுக்கு 0.6 பார் போதும்.

நம் ஊர் வெயிலில் இந்தக் கணக்கு எப்படிப் புரளும் என்றும் பாருங்கள். கெக்கைப் பிரிட்ஜுக்கு வெளியே, 30 பாகை இருக்கும் குசினியில் வைத்தால், அதே 2 பாரில் இரண்டு லீற்றர் மட்டுமே கரையும். குளிராமல் சோடாவின் காரத்தைக் கொண்டுவர 5 பார் தேவைப்படும். அவ்வளவு அமுக்கம் வேறு கருவிகளையும் வேறு ஆபத்துகளையும் கூட்டிக்கொண்டு வரும். எனவே பழைய பிரிட்ஜ் ஒன்றை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். ரெகுலேற்றருக்குச் செலவழிப்பதை விட அதற்குச் செலவழிப்பது பலன் தரும்.

இப்போது காசு மிச்சம் பிடிக்கும் முதல் இடம். இரண்டு பானம் என்றால் இரண்டாம் நிலை ரெகுலேற்றர் இரண்டு வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒன்றே போதும். முதன்மை ரெகுலேற்றரை ஆகக் கூடிய அமுக்கம் கேட்கும் கெக்குக்கு, அதாவது சோடாவுக்கு, 2 பாரில் வையுங்கள். அதிலிருந்து வரும் குழாயை மூன்று வழி இணைப்பால் பிரியுங்கள். ஒரு கிளை நேரே சோடாவுக்குப் போகட்டும். மற்றக் கிளையில் இரண்டாம் நிலையைப் பூட்டி 1 பாருக்கு இறக்கி ஜிஞ்சர் பியருக்குக் கொடுங்கள். மூன்று பானம் என்றால் இரண்டு, நான்கு என்றால் மூன்று. பானத்தின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் வாங்க வேண்டியது.

கிளைகளை ஒன்றின் பின் ஒன்றாகத் தொடுக்காதீர்கள். முதன்மையிலிருந்து வரும் குழாயிலிருந்தே ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். தொடுத்தால், முன்னால் இருப்பதைச் சரிசெய்யும்போதெல்லாம் பின்னால் இருப்பதும் அசையும்.

முதன்மையில் காசு பிடிக்காதீர்கள்

மலிவாக எடுக்கலாம் என்று நான் சொல்வது இரண்டாம் நிலைக்கு மட்டும். சிலிண்டரின் தலையில் பூட்டுவது வேறு விஷயம். காபனீரொட்சைட்டு 20 பாகையில் 57 பார் அளவில் நிற்கும். 31 பாகையைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவம் என்று ஒன்று தனியாக இருக்காது, அமுக்கமும் 74 பாருக்கு மேலே ஏறிவிடும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே சிலிண்டரை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்த அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே செய்த, பாதுகாப்பு வால்வு உள்ள, நல்ல முதன்மை ரெகுலேற்றர் ஒன்று வேண்டும். இரண்டாம் நிலை எதையும், எந்தக் காரணத்துக்காகவும், நேரே சிலிண்டரில் பூட்டக் கூடாது. அதன் உள்வழி பெரும்பாலும் 10 பார் வரைதான் தாங்கும். வெடித்துப் பறக்கும்.

முதன்மை நன்றாக இருந்தால் இரண்டாம் நிலைக்கு வேலை மிகவும் சுலபமாகிவிடும். சாதாரண ரெகுலேற்றர் ஒன்றுக்கு உள்ளே வரும் அமுக்கம் ஏறி இறங்கினால், வெளியே போகும் அமுக்கமும் கொஞ்சம் ஆடும். இரண்டாம் நிலைக்கு எப்போதும் நிலையான 2 பார்தான் வந்துகொண்டிருக்கும், ஆடுவதற்குக் காரணமே இல்லை. அதனால்தான் விலை குறைந்த ஒன்றும் அந்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது.

வாங்க வேண்டாதவை

கடையில் ரெகுலேற்றர் என்று கேட்டவுடன் சமையல் எரிவாயு ரெகுலேற்றரைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். அது தருவது 30 மில்லிபார் அளவு, அதாவது ஒரு பாரின் முப்பதில் ஒரு பங்கு. கெக்குக்கு அது காணவே காணாது. அதன் குழாயும் வேண்டாம், றப்பர் மணம் பானத்தில் ஏறும்.

அடுத்தது வெல்டிங் கடையில் கிடைப்பது. காபனீரொட்சைட்டு வெல்டிங்குக்குப் பாவிக்கும் ரெகுலேற்றரின் இரண்டாவது கேஜைக் கவனியுங்கள். அதில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். அது ஓட்டத்தை அளக்கும் கருவி. வழியை மூடினால் உள்ளே எந்த அமுக்கம் நிற்கும் என்பது உங்கள் கையில் இருக்காது. கேஜில் பார் அல்லது பி.எஸ்.ஐ. என்று இருக்க வேண்டும்.

ஒட்சிசன் ரெகுலேற்றரை மாற்றிப் பூட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. புரி, அதாவது திருகு வரி, பொருந்தாது. பொருத்துவதற்கு அடப்டர் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

தீயணைக்கும் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கும். அதையும் எடுக்காதீர்கள். அதற்குள் அடி வரை போகும் குழாய் ஒன்று இருக்கும், திறந்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம்தான் வெளியே பாயும். எந்த ரெகுலேற்றரும் அதற்குத் தாங்காது.

கடைசியாக ஒன்று, இது தெரிந்தவர்களும் தவறவிடும் விஷயம். காற்று அமுக்கக் கருவிகளில் நுண் ரெகுலேற்றர் என்று ஒரு வகை இருக்கிறது. இப்படியான கருவிகளைச் செய்யும் எஸ்.எம்.சி. கம்பனியின் ஐ.ஆர். வரிசை அதற்கு உதாரணம். குறைந்த அமுக்கத்தை மிகத் துல்லியமாகத் தரும், பட்டியலில் பார்த்தால் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அந்தத் துல்லியத்துக்காக அது எப்போதும் கொஞ்சம் வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் காற்றுத்தானே, போனால் போகட்டும் என்று விடுவார்கள். உங்கள் சிலிண்டரோ சில நாளில் வெறுமையாகிவிடும்.

எதைத் தேடுவது

தேட வேண்டியது கொம்பிறசர் லைனில் பூட்டும் சாதாரண எயார் ரெகுலேற்றர். ஏ.ஆர்.2000 என்ற எஸ்.எம்.சி. வடிவத்தையும் அதைப் பார்த்துச் சீனாவில் செய்தவற்றையும் பல இடங்களில் காணலாம். கைப்பிடியளவு உடல், மேலே கறுப்புத் திருகி, பக்கத்தில் வட்டக் கேஜ், இரு புறமும் கால் இஞ்சிப் புரி. கடையில் இப்படிக் கேளுங்கள்: «அண்ணை, கொம்பிறசர் லைனுக்குப் பூட்டுற எயார் ரெகுலேற்றர் இருக்கோ? கால் இஞ்சிப் புரி. எண்ணெய்க் கிண்ணம் இல்லாதது, தனி ரெகுலேற்றர்தான் வேணும்.» எண்ணெய்க் கிண்ணத்தைச் சொல்லாவிட்டால், காற்றில் எண்ணெய் கலந்து விடும் பகுதியோடு சேர்ந்த தொகுதியை எடுத்துத் தந்துவிடுவார்கள். அது குடிக்கும் பொருளுக்கு ஆகாது. இதே காரணத்தால், கராஜில் கழற்றி வைத்த பழைய எயார் ரெகுலேற்றரையும் வாங்காதீர்கள். எண்ணெய் கலந்த காற்று ஓடிய உடலை எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. மலிவு என்பது புதிய, சாதாரண ரெகுலேற்றரில் இருக்கிறது, பழையதில் இல்லை.

கையில் எடுத்ததும் உடலில் அல்லது பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். உள்வழி உச்ச அமுக்கம் 1.0 மெகாபஸ்கல் என்று இருந்தால், அதாவது 10 பார், நமக்குத் தாராளம். அடுத்து வெளி அமுக்க வீச்சு. சாதாரணமாக 0.05 முதல் 0.85 மெகாபஸ்கல் என்று இருக்கும். நமக்குத் தேவையான 0.6 பாரும் 1 பாரும் இந்த வீச்சின் அடிப் பகுதியில்தான் வருகின்றன. திருகியைக் கொஞ்சம் அசைத்தாலே நிறைய மாறும். பொறுமையாகத் திருகினால் சமாளிக்கலாம். 0.02 முதல் 0.2 மெகாபஸ்கல் வரை மட்டும் தரும் மென்மையான சுருள்வில் போட்ட மாதிரி கிடைத்தால் அதை விடாதீர்கள். கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை, நமது வேலைக்கு அதுதான் பொருத்தம். எஸ்.எம்.சி.யின் ஏ.ஆர். வரிசையில் மாதிரி இலக்கத்தின் கடைசியில் ‘1’ என்ற குறி இதைக் காட்டும். ‘என்’ என்ற குறி, கூடின அமுக்கத்தைத் தானாக வெளியே விடாத வகை என்பதைக் காட்டும்.

அந்த இரண்டாவது குறியைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண எயார் ரெகுலேற்றர் கெக்கின் பக்கம் அமுக்கம் கூடினால் மேலே உள்ள சிறு துவாரத்தால் வாயுவை வெளியே விட்டுவிடும். இதை நீங்கள் விரும்பினாலும் இல்லாவிட்டாலும் சரி, ரெகுலேற்றருக்கும் கெக்குக்கும் நடுவில் ஒரு வழி வால்வு ஒன்றைக் கட்டாயம் பூட்டுங்கள். விலை மிகக் குறைவு, வேலையோ பெரிது. வால்வு இல்லாவிட்டால், முதன்மையை மூடிய ஒரு நாளில் கெக்கிலிருந்து பானம் பின்னோக்கி ஏறி ரெகுலேற்றருக்குள் வந்துவிடும். வாயு ஏறிய பானம் புளிப்பானது, பித்தளையையும் நாகக் கலவையையும் அரிக்கும். அப்படிச் செம்பு கரைந்த பானத்தைக் குடித்தால் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும். வாயு மட்டும் போகும்வரை பித்தளை ரெகுலேற்றரால் ஒரு கெடுதலும் இல்லை.

கூட வரும் கேஜ் பற்றியும் சொல்ல வேண்டும். 10 பார் வரை காட்டும் சிறு கேஜ்களில் முழு வீச்சின் 2.5 சதவீதம் வரை பிழை வழமையானது. அது கால் பார். 0.6 பாரை வைக்கப் போகிறவருக்குக் கால் பார் என்பது பெரிய பிழை. அந்தக் கேஜைக் கழற்றிவிட்டு, 0 முதல் 4 பார் காட்டும் கேஜ் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். ஏ.ஆர்.2000 வடிவத்தில் கேஜின் துளை அரைக்கால் இஞ்சிப் புரி. உங்கள் கேஜ் முதன்மையின் கேஜோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, இரண்டாம் நிலையின் திருகியை முழுதும் இறுக்கித் திறந்து விடுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அமுக்கம்தான் நிற்கும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யும்போது குறைந்த அமுக்கக் கெக்கைக் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

எங்கே

யாழ்ப்பாண நகரத்தில் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம் இருக்கும் ஹாட்வெயார் கடைகளிலும் வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் முதலில் விசாரியுங்கள். நேரே ரெகுலேற்றரைக் கேட்பதற்குப் பதிலாக, கொம்பிறசர் விற்கும் கடை எது, நிறம் அடிக்கும் துப்பாக்கி விற்கும் கடை எது என்று கேட்டுப் போங்கள். அங்கேதான் இதுவும் இருக்கும். 8 மில்லிமீற்றர் காற்றுக் குழாய், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் இணைப்புகள், மூன்று வழி இணைப்பு, ஒரு வழி வால்வு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். கடையில் இல்லாவிட்டால் அச்சகத்தில் இயந்திரம் திருத்தும் ஆளை, அல்லது நெல் ஆலையில் நிறம் பிரிக்கும் இயந்திரம் பார்க்கும் ஆளை விசாரியுங்கள். அந்த இயந்திரங்கள் காற்று அமுக்கத்தில் ஓடுபவை, உதிரிப்பாகம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கொழும்புக்கு வேறு வேலையாகப் போகிறீர்கள் என்றால் ஓல்ட் மூர் வீதியில் ஒரு சுற்றுப் பாருங்கள். தெரிவு கூட, மென்மையான வில் போட்ட மாதிரி கிடைக்கும் வாய்ப்பும் கூட. இதற்கென்று தனியாக 400 கிலோமீற்றர் போக வேண்டாம். மாதிரி இலக்கத்தை அறிந்துகொண்டு கூரியரில் எடுப்பது லாபம்.

மூன்றாவது வழி உறவுகள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்ணிலோ யாராவது இல்லாத யாழ்ப்பாண வீடு குறைவு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவரிடம் சொல்லிவைத்தால் ரெகுலேற்றரைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். சிலிண்டரைத்தான் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், வெறும் ரெகுலேற்றருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மெல்பேர்ணில் இருப்பவர் என்றால் கெக்லாண்ட் கம்பனியின் சிறிய பிளாஸ்ரிக் ரெகுலேற்றரைச் சொல்லுங்கள். குழாயின் நடுவில் அப்படியே செருகுவது, நமது 8 மில்லிமீற்றர் குழாய் அதற்கு நேரே பொருந்தும், பாரமும் இல்லை. லண்டன்காரரிடம், பப் நிலவறைகளில் சுவரில் பூட்டும் இரண்டாம் நிலை ரெகுலேற்றரைப் பழையதாகத் தேடச் சொல்லுங்கள். வாயு மட்டும் ஓடிய பொருள் என்பதால் அதைப் பழையதாக வாங்கலாம். அவற்றில் பெரும்பாலும் எட்டில் மூன்று இஞ்சிக் குழாய்தான் செருகும், குறைக்கும் இணைப்பையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்ல மறக்காதீர்கள். ரொறன்ரோவிலிருந்து வருவது அமெரிக்கப் புரியோடு வரும். அதற்குத்தான் அடுத்த பகுதி.

ஒன்லைனில் நேரே வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் சுங்க வரியையும் 18 சதவீத வற் வரியையும் பொருளின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். மலிவாகத் தெரிந்தது உள்ளூர் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம்.

புரி பொருந்துகிறதா

கால் இஞ்சி என்று சொன்னால் போதாது. இங்கே புழங்குவது பி.எஸ்.பி. புரி, வெளி விட்டம் 13.16 மில்லிமீற்றர், ஒரு இஞ்சிக்கு 19 சுற்று. அமெரிக்காவின் என்.பி.டி. புரி 13.7 மில்லிமீற்றர், இஞ்சிக்கு 18 சுற்று. ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்றுப் போய் இறுகிவிடும். சரி, பூட்டியாயிற்று என்று நினைப்பீர்கள், வாயு கசியும். ஸ்பானரால் இன்னும் இறுக்கினால் உடல் வெடிக்கும். இரண்டையும் இணைக்கும் அடப்டர் இருக்கிறது, அதை வாங்குவதுதான் வழி.

கெக்கின் வாயு இணைப்பில் பெரும்பாலும் கால் இஞ்சி பிளெயர் புரி, அதாவது கூம்பு முகத்தோடு முகம் இறுகி அடைக்கும் வகை, இருக்கும். இந்தப் புரி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் பலர் வெளிநாட்டில் தேடுகிறார்கள். பிரிட்ஜ், ஏசி திருத்துபவர்கள் கால் இஞ்சிச் செம்புக் குழாய்க்குப் பாவிக்கும் நட்டும் அதே புரிதான். உங்கள் சந்தியில் இருக்கும் பிரிட்ஜ் திருத்தும் கடையில் கேட்டால் பித்தளை நட்டும், பிளெயரிலிருந்து பி.எஸ்.பி.க்கு மாற்றும் இணைப்பும் எடுத்துத் தருவார்கள். கெக் இணைப்பைக் கையோடு கொண்டு போய்ப் பூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

வெள்ளை நாடாவைக் கூம்புப் புரியில் மட்டும் சுற்றுங்கள். பிளெயர் முனையிலும் நைலோன் வோசர் வைத்து இறுக்கும் சிலிண்டர் முனையிலும் நாடா வேண்டாம். அங்கே அடைப்பது புரி இல்லை, முகம். குழாயைக் கத்தரியால் நசுக்கி வெட்டாமல், கூரான தகட்டால் நேராக வெட்டுங்கள். அழுத்திப் பூட்டும் இணைப்பில் கசிவு வந்தால் பத்தில் ஒன்பது முறை சாய்வாக வெட்டிய குழாய்தான் காரணம்.

பூட்டி, சோதித்து, வைப்பது

ரெகுலேற்றரின் உடலில் ஒரு அம்புக்குறி இருக்கும். வாயு அந்தத் திசையில் போக வேண்டும். மாறிப் பூட்டினால் அமுக்கம் குறையாது.

திறக்கும் முன் இரண்டு ரெகுலேற்றரின் திருகிகளையும் முழுதும் தளர்த்துங்கள். கேஜின் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கமாக நின்று, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். முதன்மையை 2 பாருக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் இரண்டாம் நிலையின் திருகியை மேலே இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி 1 பாருக்கு ஏற்றி, கீழே அழுத்திப் பூட்டிவிடுங்கள். எப்போதும் குறைவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி, மீண்டும் ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் வில்லும் தகடும் ஒழுங்காக அமராமல் பிறகு நகரும்.

இப்போது கெக்கை மாட்டாமல், வெளி வழியை மூடி வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் கேஜ் அதே இடத்தில் நின்றால் நல்ல ரெகுலேற்றர். மெல்ல மெல்ல ஏறியிருந்தால் உள்ளே அடைக்கும் இருக்கையில் தூசு அல்லது கீறல் இருக்கிறது. அப்படியானதைத் திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே, சரிவராவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பில் எழுதி வாங்கிக்கொள்வது இதற்காகத்தான். விலை குறைந்த பொருளில் இந்தப் பிழை இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு இரவு போதும்.

கசிவைச் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள், எல்லா இணைப்பிலும். அதன் பின் சிலிண்டரை மூடிவிட்டு, குழாயில் நிற்கும் அமுக்கம் சில மணி நேரத்தில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். குமிழி காட்டாத சிறு கசிவை இது காட்டும்.

இரண்டாம் நிலையைப் பிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். நம் காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து கேஜின் கண்ணாடியில் வியர்க்கும், பிறகு முள் துருப்பிடிக்கும். குழாயை உள்ளே கொண்டு போகப் பிரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போடாதீர்கள், பல பிரிட்ஜ்களில் வாயுக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. கதவில் துளை போடுவது பாதுகாப்பு. பானம் வரும் பக்கத்தில் மட்டும் உணவுத் தரக் குழாய் பாவியுங்கள். சோடாவை 2 பாரில் நுரைக்காமல் பிடிக்க, பதினாறில் மூன்று இஞ்சி உள்விட்டக் குழாய் 25 அடி வரை வேண்டும். சுருட்டி உள்ளேயே வைத்துவிடலாம்.

சிலிண்டர் இருக்கும் அறை

இதை அவசரமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு கிலோ காபனீரொட்சைட்டு நம் வெப்பநிலையில் 550 லீற்றர் அளவுக்கு விரியும். 5 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் இரண்டே முக்கால் கன மீற்றர். 10 அடிக்கு 10 அடி, 9 அடி உயரமான அறையில் அது காற்றின் பத்தில் ஒரு பங்கு. அந்தக் காற்றில் மனிதர் சில நிமிடத்தில் மயங்கி விழுவார், எடுக்க ஆள் இல்லாவிட்டால் உயிர் போகும். வாயு காற்றை விடப் பாரம், தரையோடு தேங்கும், மணம் இல்லை. தரையில் பாய் போட்டுப் படுக்கும் அறையிலும், குளிரூட்டி போட்டு ஜன்னலை அடைத்த அறையிலும் சிலிண்டரை வைக்கவே வேண்டாம். காற்றோட்டமான விறாந்தையில், நிழலில், சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தி வையுங்கள். பாவிக்காத நேரத்தில் சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

நிரப்பும்போது உணவுத் தர வாயுவா என்று கேளுங்கள். சிலிண்டரின் தோளில் கடைசியாக அமுக்கச் சோதனை செய்த ஆண்டு பொறித்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதன்மையின் உயர் அமுக்கக் கேஜைப் பார்த்து அறிய முடியாது. திரவம் இருக்கும்வரை அது வெப்பநிலையைத்தான் காட்டும். காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று. தராசில் நிறுப்பதுதான் வழி. சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் வெறும் நிறையைக் கழித்தால் மிச்சம் தெரியும். 19 லீற்றர் கெக் ஒன்றில் சோடா செய்து, முழுதும் பிடித்து முடிக்க 250 கிராம் அளவு வாயு செலவாகும்: கரைவதற்கு 150, வெளியே தள்ளுவதற்கு 100. அந்தக் கணக்கில் 5 கிலோ சிலிண்டர் 20 கெக் வரை வர வேண்டும். ஏழு எட்டிலேயே முடிந்துவிட்டால், சவர்க்காரத் தண்ணீரை மறுபடி எடுத்து இரண்டாம் நிலையின் மேல் துவாரத்திலிருந்து தடவிக்கொண்டு வாருங்கள்.